கச்சான் சாப்பிடாத கோல்கீப்பர்

செல்வரட்ணம் ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே அந்தக் கதை அவரைத் தேடி வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையொன்றின் பின்பக்கத்தில் அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கழுவியவர் முதலில் ஊரை விசாரித்தார், பிறகு படித்த இடத்தை விசாரித்தார். புனித சீமோன் கல்லூரி என்றதும் கையிலிருந்த சட்டியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, "அப்ப அந்த வடலியடி மட்ச் பாக்க நீரும் போனனீரோ?" என்றார். செல்வரட்ணம் போயிருந்தார். பார்க்கப் போகவில்லை, கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். அதைச் சொல்லலாமா விடலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர் ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார்.

உண்மையில் நடந்தது இதுதான். 1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் புனித சீமோன் கல்லூரியும் வடலியடி இந்துக் கல்லூரியும் மோதின. முதற்பாதியிலேயே சீமோன் இரண்டு கோல் போட்டுவிட்டது. அதன் பிறகு வடலியடிக்காரர் சீமோனின் கோலை விட்டு நகரவேயில்லை. பதினெட்டு வயதுச் செல்வரட்ணம் கையுறை இல்லாமல், வெறுங்கையோடு, வந்த பந்தையெல்லாம் பிடித்தார், குத்தினார், தட்டிவிட்டார். ஒருமுறை முகத்தால் மறித்து மூக்கு உடைந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது வடலியடியின் முதல் கோல் விழுந்தது. அடுத்ததை ஒருவன் தலையால் இடித்துப் போட்டான். கடைசியாக, வாகீசன் என்ற ஒல்லியான பொடியன் வெகு தூரத்தில் நின்று அடித்த அடி கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டு வலைக்குள் போனது. நடுவர் விசிலை ஊதினார். சனம் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

தோற்றவர்கள் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு வேறு கவலைகளுக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் கவலைக்குக் குறைவிருக்கவில்லை. வென்றவர்கள் மட்டும் அதை விமானத்தில் ஏற்றிக் கனடாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களின் தொகையும் கூடிக்கொண்டே வந்தது. ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு தடவை, அந்த ஆண்டு பிறந்தேயிராத ஒருவர், தான் மதிலில் ஏறி நின்று பார்த்ததாகச் செல்வரட்ணத்திடமே சொன்னார். செல்வரட்ணம் அவருடைய வயதைக் கேட்கவில்லை. கேட்டு என்ன பிரயோசனம்?

செல்வரட்ணத்துக்கு வாய்த்த விதி வேறு மாதிரி இருந்தது. அவர் விரும்பிக் கல்யாணம் செய்த பாலேஸ்வரி, வடலியடிக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளையைத் தொடங்கிய இரத்தினவேலின் தங்கை. இரத்தினவேல் நல்ல மனிதர். செல்வரட்ணத்துக்கு விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை கிடைக்கும்வரை, விடியப்புறத்தில் தன் காரில் ஏற்றிக்கொண்டு மிசிசாகா முழுக்க அலைந்தவர் அவர்தான். ஆனால் கையில் மைக் கொடுத்தால் அவர் வேறு ஆள். கல்யாண வரவேற்பன்று இருநூறு பேருக்கு முன்னால் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்த எழுந்தவர், "எங்கட மச்சான் அண்டைக்கு அந்த மூண்டாவது கோலை ஏன் விட்டவர் தெரியுமோ? கம்பத்தில சாய்ஞ்சு நிண்டு கச்சான் சாப்பிட்டுக்கொண்டு நிண்டவர்" என்று போட்டார். மண்டபம் குலுங்கியது. மணமகனும் சிரித்தார். கல்யாணத்தன்று மைத்துனர் சொன்ன பகிடிக்கு வேறு என்ன செய்ய முடியும்?

அன்று சிரித்ததுதான் பிழை என்று பிற்பாடு அவர் நினைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பகிடி அடுத்த மாதமே செய்தியாகிவிட்டது. அதற்கடுத்த வருடம் அது சரித்திரம். சங்கத்தின் இரவு விருந்துகளில், பிறந்தநாள் வீடுகளில், செத்தவீட்டு மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில்கூட யாரோ ஒருவர் மூன்று கோலையும் சொல்லி, கடைசியில் கச்சானில் கொண்டுவந்து முடித்தார். சொல்லச் சொல்லக் கச்சான் வளர்ந்தது. முதலில் கையில் நாலு கடலை மணியாக இருந்தது, பிறகு ஒரு கடதாசிச் சரையாகியது, பிறகு கச்சான் விற்ற கிழவியே கோலுக்குப் பின்னால் பனையோலைக் கடகத்தோடு வந்து குந்திவிட்டாள். பிளாசாவில் மரக்கறி வாங்கப் போனால் "கச்சான் செல்வம் அண்ணை" என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்குள் இருந்தவர்களுக்கு அவருடைய முழுப்பெயரே தெரியாது.

அவர் வாதாடிப் பார்க்காமல் இல்லை. கீப்பர் போட்ட களிசானில் பொக்கற்றே இருக்கவில்லை, கச்சானை எங்கே வைத்திருப்பது என்று கேட்டார். இரத்தினவேல் அதற்கும் ஆயத்தமாக இருந்தார். பின்னால் நின்ற யாராவது உரித்துக் கொடுத்திருப்பார்கள் என்றார். மூக்கு உடைந்து வாயெல்லாம் இரத்தமாக நின்றவன் எதைச் சாப்பிடுவான் என்று கேட்டார். பசித்திருக்கும் என்றார்கள். கோபப்பட்டால், பகிடி விளங்காத ஆள் என்று பெயர் வந்தது. பேசாமல் இருந்தால், பாருங்கோ ஒத்துக்கொள்கிறார் என்றார்கள். பாலேஸ்வரிக்கோ இதில் பெரிய நோவு இல்லை. "சிரிச்சுப்போட்டு விடுங்கோவன் அப்பா" என்று கணவனிடம் சொல்வாள்.

அப்படி விட முடியாமற் போனது மகள் சாம்பவியின் நிச்சயதார்த்தத்தன்று. அஜக்ஸில் மாப்பிள்ளை வீட்டார் புதிதாக வாங்கிய வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, அதுவரை ஒருநாளும் சந்தித்திராத மனிதர், கையைக் கொடுத்துக் குலுக்கிக்கொண்டே, "நீங்கள்தானே அந்தக் கச்சான்…" என்று தொடங்கினார். செல்வரட்ணம் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய்ப் பனிக்குள் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பாலேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் போன வருடம் ஜேர்மனியிலிருந்து அந்தச் செய்தி வந்தது.

பேனாட் என்பவர் 1986இல் ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போனவர். கல்யாண வீடுகளைப் படம் பிடிக்கவென்று தோளில் சுமக்கும் பெரிய வீடியோக் கமெரா ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். அவருடைய தம்பி வடலியடி அணியில் விளையாடியதால் இறுதியாட்டத்தை அதில் எடுத்தார். அந்தக் கசெற் இத்தனை வருடமும் அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் கிடந்து, வீடு மாறும்போது வெளியே வந்தது. மகன் அதைக் கணினியில் ஏற்றினான். பேனாட் அதை இரத்தினவேலுக்கு அனுப்பிவைத்தார்.

செய்தி கேட்ட அன்று செல்வரட்ணத்துக்கு வேலையில் கை ஓடவில்லை. சரக்குத் தட்டுகளைத் தூக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே, இனி வாய் மூடுவார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூன்றாவது கோல் விழும்போது தன் கை எங்கே இருந்தது, வாய் எங்கே இருந்தது என்று உலகமே பார்க்கப்போகிறது. இரத்தினவேலுக்கு அழைத்து, முதலில் தனக்கு ஒருதரம் காட்டும்படி கேட்டார். மைத்துனர் மசியவில்லை. சங்கத்தின் ஆண்டு விருந்தில் பெரிய திரையில் எல்லோருமாகப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. தானே இன்னும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

"நீர்தான் மச்சான் பிரதம விருந்தினர். வராமல் விட்டிடாதையும்."

வடலியடிக்காரரின் விருந்துப் பக்கம் செல்வரட்ணம் எட்டிப் பார்த்துப் பல வருடங்கள். அந்தமுறை மற்ற எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். திரையைக் கட்டினார், வீட்டிலிருந்து கொண்டுபோன வயரால் மடிக்கணினியை இணைத்தார், பின்வரிசைக்குத் தெரிகிறதா என்று சாம்பவியை அங்கே நிற்கவைத்துப் பார்த்தார். அப்போதுதான் மேசைகளைக் கவனித்தார். ஒவ்வொரு கோப்பைக்குப் பக்கத்திலும் சிவப்பு நாடா கட்டிய சிறிய பை இருந்தது. உள்ளே வறுத்த கச்சான். சங்கச் செயலாளர் பிரியந்தனின் யோசனையாம். செல்வரட்ணம் ஒரு பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். இன்னும் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

விளக்குகளைத் தணித்தார்கள். திரையில் வெளிறிய வெயில் விரிந்தது. பனைகள், புழுதி, கயிற்றோரம் சைக்கிள்களில் ஏறி நிற்கிற சனம். கமெரா நடுங்கியது. பிறகு நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு, தலை நிறையச் சுருள் மயிரோடு ஒரு பொடியன் கோல் கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது தெரிந்தது. சாம்பவி தகப்பனின் தோளைப் பிடித்தாள்.

"அப்பா, உது நீங்களா? ஓ மை கோட்."

வடலியடியின் முதல் அடி வந்தது. திரையிலிருந்த பொடியன் இடப்பக்கம் பாய்ந்து, முழு உடம்பையும் நீட்டி, விரல் நுனியால் பந்தை வெளியே தட்டினான். செல்வரட்ணம் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். அந்தப் பாய்ச்சல் அவருக்கே மறந்துபோயிருந்தது. சீமோன் இரண்டு கோல் போட்டபோது மண்டபத்தில் ஆளுக்காள் இருமினார்கள். பிறகு மீண்டும் வடலியடியின் அடிகள், மீண்டும் அந்தப் பொடியன்.

"உதெல்லாம் தெரிஞ்சதுதானே. ஓட விடுங்கோ, கோலுக்குப் போவம்" என்று இரத்தினவேல் முன்வரிசையிலிருந்து சொன்னார்.

பிரியந்தன் மடிக்கணினியில் கை வைத்தான். படம் விரைந்தது. செல்வரட்ணம் தன் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த காரியங்கள் எல்லாம், விசர் பிடித்தவன் துள்ளுவதைப் போல, இடமும் வலமும் விழுந்து எழும்பி ஓடின. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னப்பிள்ளைகள் கதிரைகளில் நின்று அதே மாதிரித் துள்ளிக் காட்டினார்கள். மெதுவாகப் போடும்படி அவர் இரண்டு தடவை சொன்னார். கேட்க ஆளில்லை. முகத்தால் பந்தை மறித்து மூக்கு உடைந்த இடமும் கண் இமைக்குமுன் கடந்துவிட்டது.

பிறகு திரை நீலமானது.

பிரியந்தன் பின்னால் ஓட்டினான், முன்னால் ஓட்டினான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கமெராவின் பற்றரி முடிந்துவிட்டதாகவும், பக்கத்து வீடொன்றில் மின்சாரம் கேட்டு ஓடி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டதாகவும் பேனாட் பிறகு தொலைபேசியில் விளக்கினார். இத்தனை வருடத்தில் அதை அவரும் மறந்துபோனாராம். வடலியடியின் ஒரு கோல்கூட அதில் இல்லை.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இரத்தினவேல் மட்டும் தளரவில்லை. மைக்கை எடுத்தார். படம் போனால் என்ன, தான் இருக்கிறேன் என்றார். மூன்று கோலையும் ஒன்றும் விடாமல் சொன்னார். மூன்றாவதுக்கு வந்ததும் மேசையிலிருந்த ஒரு பையை அவிழ்த்து, ஒரு கச்சானை வாயில் போட்டு, கம்பத்தில் சாய்வதுபோல மேடைத் தூணில் சாய்ந்து காட்டினார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. பாலேஸ்வரியும் சிரித்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சாப்பாடு திறந்தார்கள். எல்லோரும் கோப்பைகளோடு வரிசைக்குப் போனார்கள். செல்வரட்ணம் போகவில்லை. மடிக்கணினிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, படத்தை முதலிலிருந்து, அதன் சொந்த வேகத்தில் ஓடவிட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். வாகீசன். மிசிசாகாவில் கணக்காளராக இருந்தார், தலை முழுக்க நரைத்து உடம்பு பருத்திருந்தது. இந்த விருந்துகளுக்கு அவரும் பெரிதாக வருவதில்லை. கல்யாண வீடுகளில் தூரத்தே நின்று தலையசைத்ததைத் தவிர இரண்டு பேரும் கதைத்ததில்லை.

திரையில் ஒல்லிப் பொடியன் ஒருவன் ஓடிவந்து ஓங்கி அடித்தான். சுருள் மயிர்ப் பொடியன் அதைக் குத்தி வெளியே அனுப்பினான். கொஞ்சம் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும்.

"எல்லாம் நான் அடிச்சதோ?" என்று வாகீசன் கேட்டார்.

"ஓம். எல்லாம் நீர்தான்."

"உமக்கு அண்டைக்கு என்ன பிடிச்சிருந்தது? ஒண்டையும் விடேல்லையே."

இவ்வளவு காலத்தில் வடலியடிக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லிச் செல்வரட்ணம் கேட்டதில்லை. பிறகு, வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"நீர்தானே எனக்கு முன்னுக்கு நிண்டு அடிச்சனீர். நான் கச்சானோ சாப்பிட்டனான்? ஒருநாளாவது நீர் வாய் திறந்து இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

வாகீசன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கோபப்பட்டார்தான். ஆனால் கோபம் வேறு பக்கத்தில் இருந்தது.

"எனக்கு மட்டும் உந்தக் கதை இனிக்குதெண்டு நினைக்கிறீரோ? நான் என்ர வாழ்க்கையில அப்பிடி ஒரு அடி அதுக்குப் பிறகு அடிக்கேல்லை. அவ்வளவு தூரத்தில இருந்து, காத்துக்கு எதிரா. கீப்பர் கச்சான் சாப்பிட்டால் பிறகு நான் என்னத்தை வெட்டிப் புடுங்கினனான்? ஆரும் அடிக்கலாமே. என்ர மகனே கேக்கிறான், அப்பா உங்களுக்குக் கோல் சும்மா திறந்து கிடந்ததாமே எண்டு."

செல்வரட்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தார். கச்சான் தன்னுடைய பெயரை மட்டும்தான் தின்றது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவது கோலைத் தன்னைப் போலவே இன்னொருவரும் தினமும் சுமந்து திரிந்திருக்கிறார் என்பது அவருக்குப் புதிது. அந்த அடி வரும்போது தான் பாய்ந்ததையும், விரல் பட்டும் பந்து நிற்காமல் போனதையும் சொன்னார். விரல் பட்டது வாகீசனுக்குத் தெரியாது. தான் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததாக அவர் சொன்னார்.

வாகீசன் எழுந்து, நோகிற காலை இழுத்துக்கொண்டு, மேடைக்குப் போய் மைக்கை எடுத்தார். வெற்றிக் கோல் அடித்தவர் ஒருநாளும் இல்லாதபடி பேச எழுந்ததைக் கண்டு மண்டபம் ஆரவாரித்தது.

"நான் ரெண்டு சொல்லுத்தான் கதைக்கப் போறன்" என்றார். "உவர் கச்சான் சாப்பிடேல்லை. நான் அடிச்சது நல்ல அடி, உவர் பாய்ஞ்சது நல்ல பாய்ச்சல். அண்டைக்கு உவர் அந்தப் பக்கம் நிண்டபடியால்தான் எங்களுக்கு அது பெரிய வெற்றி. சும்மா நிண்ட ஒருத்தனை வெண்டதெண்டால் இத்தனை வருசம் என்னத்துக்குக் கதைக்கிறம்? இனி உந்தக் கதையை விடுங்கோ."

கொத்துரொட்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். பாலேஸ்வரி எழுந்து வந்து கணவனுக்குப் பக்கத்தில், வாகீசன் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். செல்வரட்ணத்துக்குக் கண் கலங்கியது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

அந்த நினைப்பு பத்து நாளுக்குக்கூடத் தாங்கவில்லை.

மில்லிக்கன் பிளாசாவிலுள்ள கோப்பிக் கடையில், அவர் வரிசையில் நிற்பது தெரியாமல், இரண்டு பேர் விருந்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாகீசன் பெரிய மனதுள்ள மனிதராம், தோற்றவனின் மானத்தைக் காப்பாற்றினாராம். மற்றவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் தெரிந்திருந்தது. படம் சரியாக அந்த இடத்தில் ஏன் நின்றது? மடிக்கணினியை இணைத்தது யார்? எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போய் நின்றது யார்? கச்சான் சாப்பிடுகிற துண்டை அவர்தான் வெட்டி எடுத்திருக்கிறார்.

செல்வரட்ணம் கோப்பி வாங்காமலே வெளியே வந்தார். காருக்குள் இருந்தபடி இரத்தினவேலுக்கு அழைத்துப் பொரிந்து தள்ளினார். மைத்துனர் பொறுமையாகக் கேட்டார். அப்படிச் சொல்வது பெரிய அநியாயம் என்றார். அவர்களோடு தான் கதைப்பதாக வாக்குக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனால் மச்சான், உண்மையைச் சொல்லும். வெட்டேல்லைத்தானே?" என்று கேட்டார்.

செல்வரட்ணம் அழைப்பைத் துண்டித்துவிட்டு வாகீசனுக்கு எடுத்தார். உலகத்தில் இந்த எரிச்சலை முழுதாக விளங்கிக்கொள்ளக் கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் வடலியடிக்காரரை ஆசை தீரத் திட்டினார்கள். அடுத்த ஞாயிறு வாகீசன் அவ்வளவு தூரமும் கார் ஓடி செல்வரட்ணத்தின் மில்லிக்கன் வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

இப்போது எல்லா ஞாயிறும் வருகிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போடுகிறார்கள். இடைவேளைக்குப் பிறகு வந்த ஓர் அடியில் இன்னும் தகராறு தீரவில்லை. அதைத் தான் தட்டி வெளியே அனுப்பியதாகச் செல்வரட்ணம் சொல்கிறார். இல்லை, அது தானாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது என்று வாகீசன் சொல்கிறார். படத்தை நிறுத்துகிறார்கள், பின்னால் ஓட்டுகிறார்கள், எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். போன கிழமை பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்து, ரிமோட்டைக் கையிலிருந்து வாங்கித் தொலைக்காட்சியை நிற்பாட்டினாள்.

"கலியாணம் கட்டின நாளில இருந்து அண்ணையிட்டக் கேட்டனான், இப்ப உங்கள் ரெண்டு பேரிட்டயும் கேக்கிறன்" என்றாள். "வேற கதையே இல்லையோ உங்களுக்கு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியமாக வேறு கதை இருக்கவில்லை.